ஈசிஜி எடுக்கச் சொன்னால்: தர்மபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ராத்திரி களி சாப்பிட்டுப் படுத்தவருக்கு இரண்டு மணிக்கு நெஞ்சை அழுத்துகிறது என்றால், வீட்டில் முதலில் எழும் பேச்சு "வாயுவா இருக்கும்" என்பதுதான். ஓம வாட்டர், சோடா, பெருங்காயம் கலந்த மோர் என்று ஒன்று மாற்றி ஒன்று கொடுத்துப் பார்ப்பார்கள். விடியட்டும் என்று காத்திருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி வருவார்கள். தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறவர் என்றால் "சதைப் பிடிப்பு" என்று தைலம் தேய்த்துவிட்டிருப்பார்கள். ஈசிஜி எடுக்கும் வேலையில் இருக்கும் எனக்கு இந்தக் கதை நன்றாகப் பழக்கம். வருகிறவர்களில் பலருக்கு உண்மையிலேயே வாயுத் தொல்லைதான். ஆனால் யாருக்கு வாயு, யாருக்கு மாரடைப்பு என்பதை வலியை மட்டும் வைத்து டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால்தான் நெஞ்சு வலி என்று போனதும் முதலில் ஈசிஜி எடுக்கச் சொல்கிறார்.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. "ஈசிஜி நார்மல்" என்று சொன்னதும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறவர்களும் நிறைய. வழக்கமான ஓர் ஈசிஜி காட்டுவது சுமார் 10 நொடி நேரத்து இதயத்தை மட்டுமே. அதற்கு முன்பு எடுத்தது, அதற்குப் பின்பு எடுப்பது, இரண்டோடும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் அதற்கு முழு மதிப்பு. இந்த வழிகாட்டியில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதும் இதைத்தான்.

முதலில் அவசரம்: ஒரு நிமிடமும் தள்ளிப்போடக் கூடாத நேரம்

நெஞ்சின் நடுவில் அழுத்தம், இறுக்கம், பாரம். அது இடது கை, இரண்டு தோள், தாடை, முதுகு என்று எங்கு வேண்டுமானாலும் பரவலாம். கூடவே குப்பென்று வியர்த்துக் கொட்டுவது, மூச்சு வாங்குவது, வாந்தி, கண் இருட்டிக்கொண்டு வருவது. இவற்றில் எது இருந்தாலும், குறிப்பாக வியர்வையோடு வரும் எந்த வலியானாலும், உடனே ஈசிஜி எடுத்தாக வேண்டும்.

மேல் வயிற்றில் எரிச்சலாக மட்டும் வரும் மாரடைப்பும் உண்டு. இதயத்தின் அடிப்பகுதிச் சுவர் பாதிக்கப்படும்போது அப்படி வரும். வாயு என்று ஏமாந்து போவது பெரும்பாலும் இங்கேதான். சர்க்கரை நோய் பல வருடமாக இருப்பவர்களுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருப்பதால் வலியே தெரியாமல் போகலாம். திடீர்ச் சோர்வு, படியேறினால் மூச்சு வாங்குவது, இவ்வளவுதான் அறிகுறியாக இருக்கும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இப்படி வருவது அதிகம். "அம்மாவுக்கு காலையிலிருந்து ஒரு மாதிரியா இருக்கு, வியர்க்குது" என்பது ஈசிஜி எடுக்கப் போதுமான காரணம்.

அப்போது செய்ய வேண்டியது: உட்கார வையுங்கள் அல்லது சாய்ந்து படுக்க வையுங்கள். நடக்க விடாதீர்கள், மாடிப்படி இறங்க விடாதீர்கள். 108-க்குப் போன் செய்யுங்கள். பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்கார வைத்துக் கொண்டு போகும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது. வழியில் மயங்கினால் யாராலும் பிடிக்க முடியாது, அதனால் வேறு வழியே இல்லாவிட்டால் ஒழிய அது வேண்டாம். சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி பக்கத்து மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் 108-க்குச் சொன்ன கையோடு கிடைக்கிற ஜீப்போ காரோ பிடித்துக் கீழே இறங்கத் தொடங்கிவிடுவது நல்லது. ஆம்புலன்ஸை எந்த இடத்தில் சந்திப்பது என்று போனிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

பெரிய ஆஸ்பத்திரி தூரத்தில் இருந்தால், வழியில் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 2023 ஜூன் மாதம் தமிழக அரசு தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தின்படி, நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு அங்கேயே ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், அட்டோர்வாஸ்டாடின் மாத்திரைகளை அவசர அளவில் கொடுத்து, அதன்பின் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ரத்தக் கட்டி மேலும் பெருகாமல் தடுக்க அந்த முதல் டோஸ் உதவும். வயிற்றில் ரத்தக் கசிவு வந்தவர்கள், ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆஸ்பத்திரிக்குள் போனதும் ஓபி சீட்டு வரிசையில் நிற்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் "நெஞ்சு வலி" என்ற இரண்டு வார்த்தையை முதலில் சொல்லுங்கள். சர்க்கரை எவ்வளவு, ஊர் எது, யார் அனுப்பினார்கள் என்பதெல்லாம் அப்புறம். நெஞ்சு வலியோடு வருகிறவருக்கு வந்த 10 நிமிடத்துக்குள் ஈசிஜி எடுத்து ஒரு டாக்டர் பார்க்க வேண்டும் என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் விதி. "இன்னும் ஈசிஜி எடுக்கலையா?" என்று மரியாதையாகக் கேட்பதில் தப்பே இல்லை.

வேறு எதற்கெல்லாம் எடுப்பார்கள்

படபடப்பு, அடிக்கடி தலைசுற்றல், காரணம் தெரியாமல் மயங்கி விழுவது, கால் வீக்கத்தோடு மூச்சுத் திணறல். இவற்றுக்கு எடுப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பிரஷரும் சர்க்கரையும் இருப்பவர்களுக்கும், ஆபரேஷனுக்கு முன்பும் கேட்பார்கள். இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடிய சில மாத்திரைகளைத் தொடங்கும்போதும் எடுப்பதுண்டு.

நம் மாவட்டங்களில் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டிய சில காரணங்கள் வேறு. செந்தேள் கொட்டினால் அதன் விஷம் நேராக இதயத்தைத் தாக்கும். குழந்தையைக் கொட்டிவிட்டு, கை கால் சில்லிட்டு வியர்த்து வாந்தி எடுத்தால், மந்திரித்துக்கொண்டு இருக்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அங்கே ஈசிஜியும் எடுப்பார்கள். அரளி உடம்புக்குள் போயிருந்தால் இதய மின்னோட்டம் தடைபட்டு துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறையலாம். வெளியே நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரியில் வைத்து ஈசிஜி பார்த்துக்கொண்டே இருப்பது அதனால்தான். கிணற்று மோட்டாரில் ஷாக் அடித்தவருக்கும், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்கிறவருக்கும் ஈசிஜி வேண்டும். பின்னவருக்கு ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால், லேப் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே ஈசிஜி அலை கூர்மையாக உயர்ந்து காட்டிக்கொடுத்துவிடும்.

குடும்பத்தில் யாராவது சின்ன வயதிலேயே திடீரென்று இறந்திருந்தால், மற்றவர்கள் ஒருமுறை ஈசிஜி எடுத்து டாக்டரிடம் காட்டுவது அவசியம். மற்றபடி எந்தத் தொந்தரவும் இல்லாத 25 வயதுப் பையன் மாதாமாதம் பேக்கேஜ் டெஸ்டில் ஈசிஜி எடுத்துக்கொள்வதில் பெரிய பயன் இல்லை என்பது என் கருத்து. அந்தப் பணத்துக்கு ஒரு பிரஷர் மெஷின் வாங்கி வீட்டில் வைக்கலாம்.

இதயத்தில் மின்சாரம் எங்கிருந்து வருகிறது

இதயத்தின் வலது மேல் அறையில் சைனஸ் முடிச்சு என்று ஒரு சிறு திசு இருக்கிறது. யாரும் சொல்லாமலே, ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அது மின்தூண்டலை உண்டாக்கும். அந்தத் தூண்டல் மேல் அறைகள் இரண்டிலும் பரவும்போது அவை சுருங்கி ரத்தத்தைக் கீழே தள்ளுகின்றன. நடுவில் உள்ள ஏவி முடிச்சில் தூண்டல் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கும். கீழ் அறைகள் ரத்தத்தால் நிரம்ப அந்தச் சிறு அவகாசம் தேவை. பிறகு வலது, இடது என்று இரண்டு கிளைப் பாதைகள் வழியாக வேகமாக இறங்கி, கீழ் அறைகளை ஒரே நேரத்தில் சுருங்க வைக்கிறது. இது ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் முறை நடக்கிறது.

இந்த மின்சாரத்தின் ஒரு சிறு பகுதி தோல் வரைக்கும் வரும். ஈசிஜி தாளில் நாம் அளப்பது ஒரு மில்லிவோல்ட் கணக்கில்தான். டார்ச் லைட்டில் போடும் ஒரு செல்லில் இருப்பது 1.5 வோல்ட், அதாவது 1,500 மில்லிவோல்ட். இவ்வளவு சிறியதை அளக்க நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் வில்லெம் ஐந்தோவன் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு கருவி செய்தார். அது கிட்டத்தட்ட 270 கிலோ எடை. நோயாளி உப்புத் தண்ணீர் நிரப்பிய தொட்டிகளில் கைகளையும் காலையும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இன்றைக்கும் நாம் சொல்லும் பி, க்யூ, ஆர், எஸ், டி என்ற அலைப் பெயர்கள் அவர் வைத்தவை. 1924-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பலர் பயந்துகொண்டு கேட்கும் ஒரு கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். ஈசிஜி மெஷின் உங்கள் உடம்புக்குள் கரண்ட் எதையும் அனுப்பாது. உள்ளிருந்து வருவதைப் பதிவு செய்யும், அவ்வளவுதான். கர்ப்பிணிகள், குழந்தைகள், பேஸ்மேக்கர் வைத்தவர்கள் எல்லோருக்கும் எடுக்கலாம். ஒரே நாளில் பலமுறை எடுத்தாலும் கெடுதல் இல்லை.

போவதற்கு முன்

வெறும் வயிறு தேவையில்லை. வழக்கமான மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் நிறுத்தக் கூடாது. அன்றைக்கு நெஞ்சில் எண்ணெய், தைலம், பவுடர் பூசாமல் இருந்தால் போதும். மெஷினில் இருந்து வரும் ஒயரின் முனையை உடம்பில் ஒட்டுவதைத்தான் லீடு என்கிறோம். அது ஒட்டாமல் வழுக்கினால் அலைகள் தாறுமாறாக வரும். நெஞ்சில் முடி அதிகம் உள்ளவர்களுக்குச் சில இடங்களில் சவரம் செய்ய வேண்டியிருக்கும். முன்னால் பட்டன் வைத்த சட்டையோ ரவிக்கையோ போட்டுக்கொண்டு போனால் எளிது. அவசரம் என்றால் இதில் எதையும் பார்க்க வேண்டாம், இருக்கிற கோலத்தில் போங்கள்.

பெண்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். ரவிக்கையைக் கழற்ற வேண்டும் என்ற கூச்சத்தால் ஈசிஜியே வேண்டாம் என்று திரும்பிப் போனவர்கள் இருக்கிறார்கள். திரை போட்ட இடம் வேண்டும் என்றும், எடுப்பது நர்ஸம்மாவாக இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். கூட ஒரு பெண் இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம். லீடுகளை வைத்த பிறகு மேலே துணியைப் போர்த்திவிட்டால் ஒன்றும் ஆகாது, பதிவு சரியாகவே வரும். தாலிக் கயிற்றைக் கழற்ற வேண்டியதில்லை, தோள் பக்கம் ஒதுக்கி வைத்தால் போதும். கொலுசும் அப்படித்தான். லீடு அதில் படாமல் கொஞ்சம் மேலே வைத்துக்கொள்ளலாம். ஆனால் துணிக்கு மேலேயே லீடு வைக்கச் சொல்லாதீர்கள்.

அறைக்குள் நடப்பது

மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். கை, கால்களில் நான்கு கிளிப் மாட்டுவார்கள். பெரும்பாலான மெஷின்களில் வலது கைக்குச் சிவப்பு, இடது கைக்கு மஞ்சள், இடது காலுக்குப் பச்சை, வலது காலுக்குக் கறுப்பு. நெஞ்சில் ஜெல்லி தடவி ஆறு இடங்களில் ரப்பர் பலூன் வைத்த கிண்ணங்களையோ ஒட்டும் பட்டைகளையோ வைப்பார்கள். முதல் இரண்டும் நெஞ்செலும்பின் வலப்புறமும் இடப்புறமும், நான்காவது விலா இடைவெளியில். நான்காவது லீடு இடது காறை எலும்பின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, ஐந்தாவது இடைவெளியில். மூன்றாவது லீடு இரண்டாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவில். ஐந்தும் ஆறும் அதே மட்டத்தில் அக்குள் பக்கமாகப் போகும். கிண்ணம் இழுத்துப் பிடிப்பதால் சிலருக்கு வட்டமாகச் சிவந்து இருக்கும், கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும்.

உடம்பில் தொடுவது பத்து இடம்தான் என்றாலும் தாளில் வருவது 12 பதிவுகள். இந்தப் பதிவுகளுக்கும் லீடு என்றே பெயர். ஒகேனக்கல்லில் தொங்கு பாலத்தில் நின்று பார்க்கும் அருவியும் பரிசலில் உட்கார்ந்து பார்க்கும் அருவியும் ஒன்றுதான், தெரிகிற பக்கம் வேறு. அப்படியே ஒவ்வொரு லீடும் இதயத்தை ஒவ்வொரு கோணத்தில் பார்க்கிறது. தாளில் 2, 3, ஏவிஎஃப் என்று பெயர் போட்டிருப்பவை இதயத்தின் அடிப்பகுதியைப் பார்க்கும். நெஞ்சில் வைத்த ஆறில் வி1 முதல் வி4 வரை முன்பக்கம். 1, ஏவிஎல், வி5, வி6 இடது பக்கவாட்டுச் சுவர். பின்பக்கத்தை நேராகப் பார்க்க இவற்றில் எதுவும் இல்லை. டாக்டருக்குச் சந்தேகம் வந்தால் முதுகுப் பக்கம் லீடு வைத்து இன்னொன்று எடுக்கச் சொல்வார். அடிப்பகுதி மாரடைப்பு என்றால் வலது நெஞ்சிலும் வைத்து எடுப்பார்கள். "மறுபடியும் எதுக்கு?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள்.

பதிவு ஓடும் நேரத்தில் பேசாமல், அசையாமல், சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டு இருங்கள். குளிரில் நடுங்கினால் போர்வை கேளுங்கள். நடுக்கம் அப்படியே கோடாக விழும். செல்போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். கையும் காலும் தளர்வாக இருக்கட்டும். லீடு வைப்பதில் இருந்து தாள் வெளியே வருவது வரைக்கும் ஐந்து நிமிடம்தான் ஆகும்.

அந்த நேரத்தில் வலி இருக்கிறதா இல்லையா என்பதை எடுப்பவரிடம் சொல்லுங்கள். தாளின் மேலேயே "வலி உள்ளது" அல்லது "வலி இல்லை" என்றும், நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். இதை நான் மிகவும் முக்கியமாக நினைக்கிறேன். வலி இருக்கும்போது எடுத்த ஈசிஜிக்கும் வலி நின்ற பிறகு எடுத்ததற்கும் அர்த்தமே மாறிப் போகும்.

தாளைக் கையில் வாங்கியதும்

நீங்களாக நோயைக் கண்டுபிடிக்க இதைச் சொல்லவில்லை. டாக்டர் பேசும்போது புரியட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தாள் வழக்கமாக நொடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு சின்னக் கட்டம் 0.04 நொடி. ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 நொடி. உயரத்தில் 10 மில்லிமீட்டர் என்பது ஒரு மில்லிவோல்ட். வரிசையின் ஓரத்தில் பெட்டி மாதிரி ஒரு குறி இருக்கும். அது சரியாகப் பத்து சின்னக் கட்ட உயரம் இருந்தால் மெஷின் சரியான அளவில் ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் வரும் சின்ன மேடு பி அலை, மேல் அறைகளில் மின்சாரம் பரவியதன் அடையாளம். அடுத்து ஈட்டி முனையாக எழுவது க்யூஆர்எஸ், கீழ் அறைகள். பிறகு மெதுவாக எழுந்து இறங்கும் டி அலை, கீழ் அறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரம். பி தொடங்கி க்யூஆர்எஸ் தொடங்கும் வரை 0.12 முதல் 0.20 நொடி, அதாவது மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம் இருக்கலாம். அதற்கு மேல் நீண்டால் ஏவி முடிச்சில் தாமதம்.

துடிப்பு எண்ணிக்கையை நீங்களே பார்க்கலாம். ஓர் ஈட்டி முனைக்கும் அடுத்ததுக்கும் இடையில் எத்தனை பெரிய கட்டம் என்று எண்ணி, 300-ஐ அதனால் வகுங்கள். நான்கு கட்டம் என்றால் 75. மூன்று என்றால் 100. துடிப்பு ஒழுங்கில்லாமல் இருந்தால் இந்தக் கணக்கு சரிப்படாது. 10 நொடி ஓடும் வரிசையில் மொத்த முனைகளை எண்ணி ஆறால் பெருக்க வேண்டும். சின்ன கிளினிக்குகளில் குறுகலான நீளத் தாளில் துண்டு துண்டாக வரும். அதில் எந்தத் துண்டு எந்த லீடு என்று மேலே எழுதியிருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

க்யூஆர்எஸ் முடிந்து டி தொடங்கும் வரை உள்ள பகுதிக்கு எஸ்டி என்று பெயர். மாரடைப்பு சந்தேகத்தில் டாக்டரின் கண் முதலில் போவது அங்கேதான். அடுத்தடுத்த லீடுகளில் அது அடிக்கோட்டுக்கு மேலே தூக்கியிருந்தால் ரத்தக் குழாய் ஒன்று முழுதாக அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். கீழே இறங்கியிருந்தால், டி அலை தலைகீழாக இருந்தால், ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம்.

ரிப்போர்ட்டில் வரும் சில சொற்கள்

"சைனஸ் டேகிகார்டியா" என்றால் துடிப்பு 100-க்கு மேல். காய்ச்சல், பயம், ரத்தசோகை, தைராய்டு எதனாலும் வரலாம். படியேறி வந்த உடனே எடுத்தாலும் வரும். "பிராடிகார்டியா" என்றால் 60-க்குக் கீழ். தினமும் காட்டு வேலை செய்து உடம்பு இறுகியவருக்கு அது இயல்பாகவே இருக்கலாம். "ஆர்பிபிபி" என்பது வலது கிளையில் தடை. வேறு தொந்தரவு இல்லாதவர்களிடமும் இது சாதாரணமாகத் தென்படும். இடது கிளைத் தடையான "எல்பிபிபி" அப்படிப்பட்டதில்லை, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

"எல்விஎச்" என்று எழுதியிருந்தால் கீழ் இடது அறையின் சுவர் தடித்திருக்கலாம் என்று பொருள். பிரஷர் மாத்திரையை "இப்ப நல்லாத்தான் இருக்கு" என்று நடுவில் விட்டவர்களிடம் அடிக்கடி பார்க்கிறேன். வீட்டுக்கே வந்து பிரஷர், சர்க்கரை மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளி கிராமத்தில்தான். மாத்திரை வாசலுக்கு வருகிறது. அதை டப்பாவில் போட்டு வைத்துவிடாமல் சாப்பிடுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன்.

"ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்" என்றால் மேல் அறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் துடிதுடித்துக்கொண்டிருக்கின்றன. பி அலை காணாமல் போய், முனைகளுக்கு இடையில் தூரம் மாறி மாறி வரும். அறைக்குள் ரத்தம் தேங்கிக் கட்டியாகி, மூளைக்குப் போனால் பக்கவாதம். சிறுவயதில் மூட்டு வீக்கக் காய்ச்சல் வந்து வால்வு கெட்டவர்களுக்கும், வயதானவர்களுக்கும் இது வரும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தேவையா என்று டாக்டரிடம் நீங்களே கேளுங்கள்.

தாளின் மேலே மெஷின் தானாக அச்சடிக்கும் "அப்நார்மல்", "பார்டர்லைன்" என்ற வரிகளைப் படித்துவிட்டுத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வலது கை, இடது கை கிளிப் மாறிப் போனாலே முதல் லீடு தலைகீழாகி மெஷின் என்னென்னவோ எழுதும். அதேபோல் மெஷின் "நார்மல்" என்று எழுதியதற்காக நிம்மதி அடையவும் கூடாது. டாக்டர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டதுதான் ரிப்போர்ட்.

நார்மல் என்று வந்தும் ஏன் இருக்கச் சொல்கிறார்கள்

மாரடைப்பின் ஆரம்ப நேரத்தில் ஈசிஜி முழுக்க இயல்பாக இருக்கலாம். அதனால் வலி தொடர்ந்தால் 15 முதல் 30 நிமிட இடைவெளியில் மறுபடி மறுபடி எடுப்பார்கள். கூடவே ட்ரோபோனின் என்ற ரத்தப் பரிசோதனை. இதயத் தசை காயப்பட்டால் ரத்தத்தில் கலக்கும் புரதம் அது. அதுவும் ஆரம்பத்தில் தெரியாமல் சில மணி நேரம் கழித்து ஏறும் என்பதால் இரண்டாவது முறையும் எடுப்பார்கள். "ஈசிஜி நார்மல், ஆனா நாலு மணி நேரம் இருங்க" என்று ஒரு டாக்டர் சொன்னால் அவர் சரியாக வேலை செய்கிறார் என்று நம்புங்கள். பில் ஏற்றப் பார்க்கிறார்கள் என்று சண்டை போட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

இன்னொன்று, குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் ஓய்வில் படுத்திருக்கும்போது ஈசிஜி ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். நடந்தால் வரும் வலி, நின்றால் போய்விடுகிறது என்றால் அதற்கு டிஎம்டி. ஓடும் பட்டையில் நடக்க வைத்து, பெரும்பாலும் 3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகத்தையும் ஏற்றத்தையும் கூட்டிக்கொண்டே ஈசிஜி எடுப்பார்கள். வலி இருந்துகொண்டே இருப்பவரை இதில் ஏற்றக் கூடாது. எப்போதாவது வரும் படபடப்புக்கு ஹோல்டர் என்ற சின்னக் கருவியை 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் மாட்டி அனுப்புவார்கள். அதை மாட்டிக்கொண்டு வீட்டில் சும்மா படுத்திருக்காமல் வழக்கமான வேலையைச் செய்யுங்கள், எந்த நேரத்தில் படபடத்தது என்று குறித்து வையுங்கள். வால்வு, சுவர், பம்ப் செய்யும் திறன் இவற்றைப் பார்க்க எக்கோ. அடைப்பு எங்கே, எவ்வளவு என்று நேராகக் காட்டுவது ஆஞ்சியோகிராம்.

மாரடைப்பு என்று ஈசிஜி சொல்லிவிட்டால்

எஸ்டி தூக்கியிருந்தால் நேரம்தான் எல்லாம். அடைத்த குழாயை பலூன் வைத்துத் திறக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி வசதி உள்ள இடத்தில் இருந்தால் அதுவே முதல் சிகிச்சை. அங்கே போய்ச் சேர்ந்து குழாயைத் திறக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், இருக்கும் இடத்திலேயே கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும். டெனெக்டிபிளேஸ், ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்று பெயர்கள். வலி தொடங்கி 12 மணி நேரம் வரை போடலாம் என்றாலும் முதல் சில மணி நேரத்தில்தான் பலன் அதிகம்.

நம் பக்கத்துப் பெரிய சிக்கல் இதுதான். "ஊசி எல்லாம் வேண்டாம், பெங்களூருக்கே கூட்டிப் போறோம்", "சேலத்துல சொந்தக்காரர் இருக்கார், அங்க பாத்துக்கறோம்" என்று குடும்பத்தார் கையெழுத்துப் போட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூரு சுமார் 90 கிலோமீட்டர். ஓசூரைத் தாண்டியதும் டிராஃபிக். தர்மபுரியில் இருந்து சேலம் போக தொப்பூர் கணவாயில் லாரி ஒன்று கவிழ்ந்து கிடந்தால் முடிந்தது. அந்த நேரம் முழுக்க இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். ஊசி போடலாம் என்று டாக்டர் சொன்னால் போட்டுக்கொண்டு, அதன்பின் ஆம்புலன்ஸில் மேல்சிகிச்சைக்குப் போவதே சரி. ஊசியால் ரத்தக் கசிவு வரும் ஆபத்து உண்டு. அதனால் பக்கவாதம் வந்திருக்கிறதா, சமீபத்தில் ஆபரேஷன் நடந்ததா, ரத்த வாந்தி எடுத்தாரா என்று கேட்பார்கள். எதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடம் கழித்து மறுபடி ஈசிஜி எடுப்பார்கள். தூக்கியிருந்த எஸ்டி பாதிக்கு மேல் இறங்கியிருந்தால் குழாய் திறந்துகொண்டது என்று எடுத்துக்கொள்ளலாம். இறங்காவிட்டால் அவசரமாக ஆஞ்சியோ செய்யும் இடத்துக்குப் போக வேண்டும். முதல் தாள் கையில் இல்லாமல் இரண்டாவது தாளை வைத்து இதைச் சொல்லவே முடியாது. செலவை நினைத்துத் தயங்குகிறவர்கள், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அதையும் ரேஷன் கார்டு, ஆதார் நகல்களையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். ஆஞ்சியோபிளாஸ்டி அந்தத் திட்டத்தில் வருகிறது.

தாளைப் பத்திரப்படுத்துவது

ஈசிஜி தாள் வெப்பத்தில் கறுக்கும் தாள். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேஷன் செய்தால் மொத்தமும் கறுத்துப் போய்விடும். பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு பீரோவில் வைத்தால் மெல்ல வெளுத்துவிடும். வாங்கிய அன்றைக்கே செராக்ஸ் எடுத்து, அசலோடு சாதாரணக் காகித உறையில் வையுங்கள். நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாமல், கட்டங்கள் தெரிய முழுத் தாளையும் போனில் படம் எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வைத்திருங்கள். பெயர், வயது, தேதி, நேரம் நான்கும் படத்தில் தெரிய வேண்டும்.

வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு ஓசூரிலோ திருப்பூரிலோ வேலைக்கு இருக்கிறவர்கள், பிரஷரும் சர்க்கரையும் உள்ள அப்பா அம்மாவுக்கு, நன்றாக இருக்கும் ஒரு நாளில் ஓர் ஈசிஜி எடுத்து வையுங்கள். பழைய எல்பிபிபி-யா புதிதா, இந்த டி அலை போன வருடமே இப்படித்தான் இருந்ததா என்ற கேள்விக்கு, நடுராத்திரி டூட்டி டாக்டருக்கு அந்தப் பழைய தாள் ஒன்றுதான் பதில் சொல்லும். ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொன்றுக்கு அனுப்பும்போது ரெஃபரல் சீட்டோடு எடுத்த எல்லா ஈசிஜியின் நகலையும் கேட்டு வாங்குங்கள். எந்த நேரத்தில் என்ன மாத்திரை, என்ன ஊசி கொடுத்தார்கள் என்று அதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். ஆம்புலன்ஸில் கூட ஏறுகிறவர் கையில் அந்த உறை இருக்கட்டும். பின்னால் காரில் வருகிறவரிடம் கொடுத்துவிட வேண்டாம்.